மரமஞ்சள், பால்: ______

பர்லியாற்றுச் சரிவில் வெட்டிய கொடி
ஈரச் செய்தித்தாளில் சுருண்டு
குன்னூர் ஏறி வந்தது,
ஜீப்பில், இஸ்மத்தின் மதியச் சோற்றுக்குப் பக்கத்தில்.
நாலு விரல் நீளம். வெட்டுவாய் மஞ்சள்.
சோற்றுப் பாத்திர மூடியிலும்
ஒரு மஞ்சள் தீற்றல்.

பதிவேட்டில் எழுதினேன்:
மரமஞ்சள். தாய்க்கொடி ஒன்று.
சுற்றிலும் எட்டு அடிக்கட்டைகள், புதிய வெட்டு.
பால் என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டேன்.
இந்த இனத்தில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு.
பூத்தால்தான் தெரியும்.
பூக்கப் பதினைந்து வருடமாவது ஆகுமாம்.

காட்டை இங்கே முதலில் கழுவ வேண்டும்.
ஓடும் தண்ணீரில் அரைமணி,
அப்புறம் சோப்பு,
பாதரச உப்பில் சரியாக நாலு நிமிடம்.
ஐந்தானால் கொடி சாகும்,
மூன்றானால் பூஞ்சை பிழைக்கும்.
நடுவில் இருக்கும் அந்த நிமிடத்துக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

முதல் மாதம் அறுபது குப்பிகள்.
ஐம்பத்து மூன்று பழுப்பாகிச் செத்தன.
வெட்டுக் காயத்திலிருந்து கொடி தானே கசியவிட்டதில்
தானே மூழ்கியது.
ஜெனிட்டா கூழில் கரித்தூளைக் கலந்தாள்.
அடுப்புச் சட்டியின் அடியைப் போன்ற கறுப்பில்
இருபத்தாறாம் நாள்
கடுகில் பாதி அளவு பச்சை.
அவள் என்னைக் கூப்பிடவில்லை.
முகமூடிக்குள் இருமுவதுபோல் ஏதோ செய்தாள்,
நானே எழுந்து போனேன்.

மார்ச்சில் நிதி தீர்ந்தது, ஆட்டோகிளேவ் பழுது.
பெட்போர்டில் ஒரு பிரஷர் குக்கர் வாங்கினோம்.
ஜனவரியில் ஒருநாள் ராத்திரி மின்சாரம் போய்
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
இருபத்தைந்து டிகிரியில் வளர்ந்த பிள்ளைகள்.
ஸ்வெட்டரைக் கழற்றி மேல்தட்டின் மீது போர்த்திவிட்டு
விடியும்வரை அறைக்குள் நடந்தேன்.
ஆய்வறிக்கையில் அந்த ஸ்வெட்டர் இல்லை.

ஒன்று இரண்டாகி, இரண்டு ஏழாகி
முந்நூற்று எண்பது.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
எல்லாம் ஒரே கொடி என்கிறீர்கள்,
அப்படியானால் இருப்பில்
ஒன்று என்று போடட்டுமா?

குப்பிக்குள் எந்நாளும் மழைக்காலம்.
அங்கே விரிந்த இலைக்கு மெழுகு கிடையாது,
துளைகளை மூடவும் தெரியாது.
தாகம் அதற்குக் கேள்விப்படாத சொல்.
மண்ணில் வைத்த மத்தியானமே
நூறு தலைகள் தொங்கின.
பிளாஸ்டிக் டம்ளர் கவிழ்க்கலாம் என்றால்
மலையில் அதற்குத் தடை.
காலி ஜாம் பாட்டில்களுக்காக
வீடு வீடாகப் போனோம்.
கவிழ்த்த பாட்டிலின் கீழே முதல் நாள்
ஒரு தீக்குச்சி செருகினோம்,
மறுநாள் இரண்டு.
அந்த இடுக்கு வழியாகக்
கொஞ்சம் கொஞ்சமாக வறட்சியை ஊட்டினோம்.

நாற்பத்தொன்று பிழைத்தன.
ஆடிச் சாரலில் அதே சரிவில் நட்டோம்.
வனக்காவலர் கெஞ்சன் எண்ணிப் பார்த்துக்
கையெழுத்துப் போட்டுவிட்டு,
இது பெண் என்றால் எல்லாம் பெண்தானே என்றார்.
ஆமாம் என்றேன்.
ஆண் என்றாலும் அப்படியே.
கொஞ்ச நேரம் மழை பெய்தது.

வளர்ப்பறையில் ஒரு வரிசையைக் காலியாக வைத்திருக்கிறேன்.
கூழ் ஊற்றி, லேபிள் ஒட்டி:
தாய்க்கொடி இரண்டு.
கூடலூர்ப் பக்கம் ஒன்று இருப்பதாகச் சேதி வந்தது.
நாங்கள் போவதற்குள் அங்கேயும் அடிக்கட்டை.

போன வியாழன் இஸ்மத்
காகிதப் பொட்டலம் ஒன்றை மேஜையில் வைத்தான்.
நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது,
நூறு கிராம், உலர்ந்த துண்டுகள்.
இதில் ஏதாவது வருமா என்றான்.
வராது என்று எனக்குத் தெரியும்.
ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுவைத்தேன்.

காலையில் பார்த்தேன்.
கண்ணாடிக் குவளை முழுக்க மஞ்சள்,
அவ்வளவு நல்ல மஞ்சள்.